தனி ஊசலும் 9.78-உம்

மேல்நிலை முதலாமாண்டு இயற்பியல் செய்முறைகளில் தனி ஊசலைப் போல எளிய கருவிகளைக் கேட்பது அரிது. நூல், உலோகக் குண்டு, தாங்கி, அளவுகோல், நிறுத்துக் கடிகாரம் ஆகியவை மட்டும் இருந்தால், கீழ்பென்னாத்தூரில் உள்ள ஒரு வகுப்பறையிலேயே அவ்விடத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் கூடும் அளவை, மாணவர் தாமே கண்டறியலாம்.

இச்சோதனையைத் திட்டமிட உதவும் ஆசிரியரின் திறம் சூத்திரத்தை எழுதிக் கொடுப்பதில் இல்லை, தவறு எங்கே நுழையும் என்று முன்கூட்டியே காட்டுவதில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீள ஊசல் ஒரு முறை சென்று திரும்ப எடுக்கும் நேரமாகிய அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை செல்லக்கூடும் என்பதால், 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து வகுக்கும்போது அப்பிழை இருபதில் ஒன்றாகச் சுருங்குகிறது. எண்ணிக்கையைச் சுழியில் தொடங்காமல் ஒன்றில் தொடங்குபவர் 19 அலைவுகளையே 20 எனக் கொள்வதால், விடை 10.8-ஐத் தொட்டுவிடுகிறது. நீளமும் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்கப்பட வேண்டும்.

விடை 9.78 என்று வந்தால் அதனை 9.8 எனத் திருத்தி எழுதும் பழக்கம் வருந்தத்தக்கது. புவியின் சுழற்சியாலும் நடுக்கோட்டுப் புடைப்பாலும் ஏறத்தாழ 12 பாகை வடக்கிலுள்ள இவ்வூரில் முடுக்கத்தின் உண்மை மதிப்பே 9.78 மீட்டர்/நொடி² ஆகும், துருவங்களிலோ அது 9.83.