திறந்த தரவில் நம் தோட்டம் எங்கே?

நான்காம் படிவ மாணவர்களுக்கு ‘என் வட்டாரம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், கோலசிலாங்கூரில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சி, மெலாவாத்தி குன்றுக் குரங்கு, தஞ்சோங் காராங் வயல். எல்லாம் சரிதான், ஆனால் ஓர் எண்கூட இருக்காது. இந்த முறை ஆதாரத்தோடு எழுதட்டும் என்று கணினி அறைக்கு அழைத்துப்போய், புள்ளிவிவரத் துறையின் ‘ஓப்பன்டோசம்’ தளத்தைத் திறந்து காட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், நம்ம தோட்டம் இதுல எங்க இருக்கு?”

தேடினோம். இல்லை. தளத்தை வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்காக, அந்தக் கேள்வியை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். 2022இல் தொடங்கிய இந்தத் தளம் உண்மையிலேயே நல்ல தளம். ‘கவாசான்கூ’ பகுதியில் நம் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் மக்கள்தொகை, இனம், வயது போன்ற விவரங்கள் உடனே கிடைக்கின்றன. பணம் இல்லை, பதிவு இல்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உலக நாடுகளின் திறந்த தரவை மதிப்பிடும் ‘ஓடின்’ பட்டியலின் 2024/25 பதிப்பில் மலேசியா முதலிடம் பெற்றது. இதெல்லாம் பாராட்ட வேண்டியவை. ஆனால் முதலிடம் வாங்கிய தரவிலும் எங்கள் மாணவனுக்குத் தன் வீடு கிடைக்கவில்லையே. ஏன்?

முதல் காரணம், அளவுகோல். தரவு மாநிலம், மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று இறங்கிவந்து அங்கேயே நின்றுவிடுகிறது. கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குக் கீழே புக்கிட் மெலாவாத்தி, ஈஜோக், ஜெராம் என மூன்று சட்டமன்றத் தொகுதிகள். அதற்குக் கீழே படி இல்லை. மாவட்டம் என்று எடுத்தால், பல்கலைக்கழக வளாகமும் புது வீடமைப்பும் கொண்ட புஞ்சாக் ஆலமும், பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களும் ஒரே மாவட்டம். இரண்டையும் சேர்த்து ஒரு வருமானக் கணக்குப் போட்டால், அது தோட்டத்துப் பிள்ளையின் வீட்டைப் பற்றி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது.

இதில் துறையை மட்டும் குறைசொல்ல முடியாது. முப்பது வீடு உள்ள ஒரு தோட்டத்துக்குத் தனி அட்டவணை போட்டால், யார் வீட்டில் என்ன வருமானம் என்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். தனியார் விவரத்தைக் காக்க வேண்டிய கடமை 1965ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சட்டத்திலேயே இருக்கிறது. இதை மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்தில் எத்தனை லயன் வீடு, எத்தனை காலி என்பது யாருடைய அந்தரங்கமும் இல்லையே. அதைச் சொல்லலாம்தானே?

இரண்டாவது, பெயர். இனப் பட்டியலில் ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டம்தான். தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் பஞ்சாபியரும் அதற்குள்ளேயே. 2010 கணக்கெடுப்பில் குடிமக்களில் 7.3 விழுக்காடாக இருந்த இந்தியர், 2020இல் 6.7 விழுக்காடு. இதைப் பார்த்தவுடன் ஒரு மாணவி, “அப்ப நாம கொறஞ்சிட்டோமா, டீச்சர்?” என்றாள். விழுக்காடு குறைந்ததால் ஆள் குறைந்ததாகப் பொருள் இல்லை. மற்றவர்கள் வேகமாகக் கூடியிருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியே ஒரு முழுப் பாடவேளைக்குப் போதும். உயர்நிலைச் சிந்தனைக்கு இதைவிட நல்ல கேள்வி பயிற்சி நூலில் கிடைக்காது.

மூன்றாவது, மொழி. தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுரையைத் தமிழில் எழுதும்போது ‘பெனெங்ஙா’ என்பதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ‘சராசரி’ என்று எழுதிவிட்டால் பொருளே மாறிவிடும்; அது வரிசையின் நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை.

சரி, தமிழில் அரசுத் தரவு வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பக்கம் போகலாமே என்று நினைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இந்திய அரசுத் தளம் ஒன்றைத் திறந்தால், பக்கம் வரவேயில்லை. இணையம் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பல இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரியிலிருந்து வருபவர்களைத் தடுத்துவிடுகின்றன. இணையத் தாக்குதலுக்குப் பயந்து செய்வதாகச் சொல்வார்கள். பயம் நியாயமாக இருக்கலாம். ஆனால் பொதுத் தரவை வேலி போட்டு வைத்தால், வேலிக்கு வெளியே இருக்கும் வாசகனுக்கு அது திறந்த தரவு இல்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், தமிழ் இணையம் வளர்ந்ததே எல்லை தாண்டித்தான். முரசு அஞ்சல் செயலியைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அதே ஆண்டு, உலகத் தமிழர்களுக்காகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. எழுத்துரு எல்லையைத் தாண்டிவிட்டது, அரசுத் தரவு இன்னும் தாண்டவில்லை.

அப்படியானால் தளத்தை வகுப்பில் விட்டுவிடலாமா? வேண்டாம். என் பரிந்துரை மூன்று.

ஒன்று, தரவைக் கொடுக்கும்போது ‘இதில் யார் இல்லை?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டு, சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அளவில் இப்படிச் சட்டம் இல்லை. அங்கே 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம்தான் நிற்கிறது. ஆனால் மாநிலத் துறையிடமும் நகராண்மைக் கழகத்திடமும் எழுதிக் கேட்கலாம். அலுவல் கடிதப் பயிற்சிக்கு உண்மையான தலைப்பு இது. தமிழில் எழுதிப் பழகி, மலாயில் அனுப்பலாம்.

மூன்று, இல்லாத தரவை நாமே தொகுக்கலாம். என் மாணவர்கள் தங்கள் தோட்டத்தில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது, பள்ளி எவ்வளவு தூரம், பேருந்து உண்டா என்று எண்ணி வந்தார்கள். பெயரோ அடையாள அட்டை எண்ணோ எழுதக்கூடாது என்பது விதி. ஒருவன் மட்டும் வெறுந்தாளோடு வந்தான். அவன் தாத்தா இருந்த தோட்டத்தில் இப்போது வீடே இல்லையாம். “பூஜ்யம்னு எழுதட்டுமா டீச்சர்?” என்று கேட்டான். எழுது என்றேன். அதுவும் தரவுதான்.

உங்கள் பள்ளியிலும் இப்படிச் செய்தால், அட்டவணையையும் நீங்கள் பயன்படுத்திய தமிழ்க் கலைச்சொற்களையும் இந்த மடலுக்கு அனுப்புங்கள். சபாக் பெர்ணாமிலிருந்து உலு சிலாங்கூர் வரை சேர்த்துவைத்தால், அடுத்த ஆண்டு வகுப்பில் அந்தக் கேள்வி வரும்போது காட்டுவதற்கு நம் கையில் ஏதாவது இருக்கும்.