கடை வாசலில் பேசுகிற தமிழ்

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியால் கொக்குவில் சந்தியைக் கடந்து போகிறவர் ஒருநாள் சைக்கிளை மெதுவாக்கி, கடைகளின் பதாகைகளை வாசித்துப் பார்க்க வேண்டும். புடவைக் கடை, தளபாடக் கடை, மருந்தகம், ரியூசன் நிலையம் எல்லாவற்றையும் ஒரே கை எழுதியது போலிருக்கும். உயர்ந்த தரம், நியாய விலை, நீங்கள் நாடவேண்டிய ஒரே இடம். பெயர்களை மாற்றி மாட்டிவிட்டாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இதை எழுதியவர்களைக் குறைசொல்லி ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் தன் பொருளைத் தானே புகழ்வது கூச்சமான காரியம். கலியாண அழைப்பிதழுக்கு ஒரு வழக்கமான வாசகம் இருப்பது போலத்தான் கடைக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. அதில் மரியாதை உண்டு. கடை திறந்திருக்கிறோம், வாருங்கள் என்ற செய்தியை அது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அழைப்பிதழின் வேலை ஒரு நாளோடு முடிந்துவிடும். இரண்டாம் மாதமும் வாடிக்கையாளர் ஏன் இந்தக் கடைக்கே வரவேண்டும் என்பதற்கு அந்த வாசகத்தில் விடை இல்லை.

விடை கடைக்காரரின் வாயிலேயே இருக்கிறது. மிளகாய்த்தூள் விற்கும் சிறிய மில் ஒன்றில் எனக்கு முன்னே நின்ற பெண்ணுக்கு உரிமையாளர் அம்மா சொன்னார்: "இது நேற்று வறுத்தது தங்கச்சி. போத்தலில போட்டு இறுக்கி மூடுங்கோ, ஈரக் கரண்டி வையாதேங்கோ. பிள்ளையளுக்கெண்டா உறைப்புக் குறைச்சது அங்கால கிடக்கு." அதே மில்லின் துண்டுப்பிரசுரம் மேசையில் கிடந்தது. பாரம்பரியச் சுவை, தரமே எமது தாரக மந்திரம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்த அம்மா சொன்ன மூன்று வசனங்களில் வறுத்த நாள் இருந்தது, பாதுகாக்கும் முறை இருந்தது, யாருக்கு எந்தத் தூள் என்ற அக்கறையும் இருந்தது. பிரசுரத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வாயால் விற்கத் தெரிந்தவர், அச்சகத்துக்குப் போனதும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்.

விளம்பர எழுத்தில் பேர்போன அமெரிக்கர் கிளோட் ஹொப்கின்ஸ் இந்த இடத்தைத்தான் பிடித்தார். 1923 இல் 'சயன்டிபிக் அட்வர்டைசிங்' என்ற நூலை எழுதியவர் அவர். ஷ்லிட்ஸ் பியர் நிறுவனத்துக்கு எழுதப் போனபோது, போத்தல்களை நீராவியால் கழுவும் முறையைக் கண்டு அதையே விளம்பரமாக்கினார். எல்லா பியர்க்காரரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னவருக்கு வியாபாரம் பெருகியது. செத்தல் மிளகாயைக் காம்பு நீக்கி வெயிலில் காயவைத்து, மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் வேறுவேறாக வறுக்கிறோம் என்று நம் மில்லும் எழுதலாம். அது உண்மை, வாசிக்கும்போதே மணக்கும் உண்மை. இந்த முறையில் ஓர் ஓட்டையும் உண்டு. எல்லாரும் செய்வதைத் தான் மட்டும் செய்வதாக வாசகர் எண்ணும்படி விட்டுவிடலாம். "நாங்கள் இப்படிச் செய்கிறோம்" என்பது நேர்மை. "நாங்கள் மட்டுமே" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் பொய். ஹொப்கின்ஸின் வெற்றி அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நின்ற வெற்றி என்றே எனக்குப் படுகிறது.

வசனமே இல்லாமல் பேர் வாங்கிய பொருளும் நம்மிடம் இருந்தது. கொக்குவில் ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். தமிழ் வாசிக்கத் தெரியாத தென்னிலங்கைக்காரரும் யாழ்ப்பாணச் சுருட்டு வாங்கினார்கள். போன கட்டின் காரமும் மணமும் இந்தக் கட்டிலும் இருந்தால் போதும், அதுவே விளம்பரம். இன்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலைப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. அது சரியான தடை.

மில்க்வைற் சவர்க்காரம் வேறொரு வழியில் போனது. அதன் அதிபர் க. கனகராசா பனம் விதை நாட்டுவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். 'மில்க்வைற் செய்தி' என்ற இதழையும் வெளியிட்டார். சவர்க்காரம் எவ்வளவு நுரைக்கும் என்ற பேச்சைவிட, இந்த மனிதர் ஊருக்கு என்ன செய்கிறார் என்பதே யாழ்ப்பாண வீடுகளுக்குள் அந்தப் பெயரைக் கொண்டுபோனது. நம் மண்ணில் பிறந்த மிகச் சிறந்த விளம்பரம் இதுதான் என்பேன். ஆனால் மூன்று பேர் வேலைசெய்யும் கடையால் இதழ் நடத்த முடியாது. நற்பெயர் ஊறிவர ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த மாத வாடகை அதுவரை காத்திராது. அவர்களுக்கு எழுத்துத்தான் கருவி.

அந்தக் கருவி கெட்டுப்போகும் இடங்களும் கண்முன்னே உண்டு. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, ரியூசன் நிலையங்களின் மதில்களில் 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் ஏறும். மூன்று இடங்களில் படித்த பிள்ளை மூன்று மதில்களிலும் சிரிக்கும். படம் பொய்யில்லை, பிள்ளையும் பொய்யில்லை. ஆனால் தோற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மதில் சொல்லாது. அதைப் பார்த்து ஒரு தாய், தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயத்தில் காசைக் கட்டுகிறாள். பயத்தைத் தூண்டி விற்பது இலகு. அதனாலேயே அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"50% வரை விலைக்கழிவு" என்பதும் இதன் தம்பிதான். எண் பெரிதாக நிற்கும், "வரை" எறும்பளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. பெரிய கடை இதைச் செய்தால் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். சிறிய கடைக்காரரோ, ஏமாந்த அதே ஆளை வெள்ளிக்கிழமை மஞ்சவனப்பதி முருகன் கோயில் வாசலில் காண்பார். கொக்குவில் போன்ற ஊரில் எழுத்தைக் காவல் காப்பது அந்தச் சந்திப்புத்தான்.

இப்போது தூள் பொதி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகிறது. ஓடர் வட்ஸ்அப்பில் வருகிறது. வாங்குகிறவர் கடைக்காரரின் முகத்தைக் காண்பதில்லை. அங்கே அந்த அம்மாவின் குரலாக நிற்கப்போவது பொதியில் ஒட்டிய எழுத்து மட்டும்தான். ஆகவே, அடுத்த பிரசுரத்தை அச்சகத்துக்கு அனுப்புமுன் அதைக் கடையில் நிற்கிற முதல் வாடிக்கையாளருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் பார்த்துச் சொல்லக் கூசுகிற வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தூள் வறுத்த தேதியைப் போடுங்கள்.