விழாத்திரையில் கொரியா: கிம் கி-டுக்கின் மௌனமும் கேரளப் பார்வையாளரும்

அயல்மொழித் திரைப்படம் ஒரு நிலப்பகுதிக்கு வந்துசேரும் வழியே அதன் பொருளில் ஒரு பகுதியை முடிவு செய்துவிடுகிறது. கொரியத் திரைப்படம் கேரளத்திற்கு வணிகத் திரையரங்குகளின் வழியாக வரவில்லை. திரைப்பட விழாவின் வழியாகவே வந்தது. ஆகவே கேரளப் பார்வையாளர் அறிந்த கொரியா, விழாத் தேர்வாளர்கள் வடித்தெடுத்துத் தந்த கொரியாவாகும். இவ்வடிகட்டலில் எது தங்கியது, எது தவறியது என்பதைக் கிம் கி-டுக்கின் படங்களைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முயல்கிறது.

1996ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழா தொடங்கியது. அடுத்த மாதமே திரைப்படங்களை முன்கூட்டித் தணிக்கை செய்யும் முறை அரசமைப்புக்கு முரணானது எனக் கொரிய அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவும் அதே ஆண்டில்தான் கோழிக்கோட்டில் தொடங்கிற்று. கிம் கி-டுக்கின் முதற்படம் வெளிவந்ததும் அவ்வாண்டே. இவற்றிடையே காரணகாரியத் தொடர்பு ஏதும் இல்லை எனினும், இரு கடற்கரை நிலங்கள் ஒரே காலத்தில் விழாப் பண்பாட்டினுள் நுழைந்தன என்பது கருதத்தக்கது.

கிம்மின் படங்கள் தம் நாட்டில் பெரும்பாலும் சிறு கூட்டத்தையே ஈர்த்தன. 2004ஆம் ஆண்டில் பெர்லினிலும் வெனிசிலும் சிறந்த இயக்குநர் விருதுகளையும், 2012இல் 'பியெத்தா' படத்திற்காக வெனிசின் தங்கச் சிங்கத்தையும் அவர் பெற்றார். 2013இல் பதினெட்டாவது கேரள விழாவிற்கு அவர் திருவனந்தபுரம் வந்தபோது, முன்னணி நடிகருக்குத் திரள்வதுபோல் இளைஞர் திரண்டனர். தம் நாட்டில் விளிம்பில் நின்றவர் இங்கு நாயகரானது எவ்வாறு என்னும் வினா இங்கு எழுகிறது.

மொழித்தடையின்மை என்பது எளிதில் தோன்றும் விடை. '3-அயர்ன்' (2004) படத்தின் நாயகன் இறுதிவரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'மோபியஸ்' (2013) படத்தில் உரையாடலே இல்லை. துணைத்தலைப்பை நம்பியே படம் பார்த்துப் பழகிய விழாப் பார்வையாளருக்கு இது பெரும் விடுதலை. தமிழ்ப் புலமையாளர்க்கு இன்னொரு விடையும் தோன்றக்கூடும். 'வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்... மீண்டும் வசந்தம்' (2003) படத்தில் பொழுதும் நிலமும் முதற்பொருளாய் நிற்க, மாந்தர் உணர்வு அவற்றில் உரிப்பொருளாய்ப் பொருந்துகிறதல்லவா? நீர்மேல் மிதக்கும் மடத்தைக் கண்டதும் திணைக்கோட்பாட்டை எடுத்துப் பேச நமக்கு ஆவல் பிறப்பது இயல்பே. எனினும் இவ்வொப்பீடு நெடுந்தொலைவு செல்லாது. திணையில் பெரும்பொழுது உணர்வுக்குக் களமாகிறது. கிம்மின் படத்திலோ பருவம் வினைப்பயனின் சுழற்சியாகிறது. ஒப்புமை நம் சுவைப்பை விளக்குமேயன்றிப் படத்தை விளக்காது.

மெய்ப்பாட்டியல் இதனினும் பயன்மிக்க கருவி எனலாம். கிம்மின் படங்களில் மேலோங்குவது இளிவரல். 'தி ஐல்' (2000) படத்தின் தூண்டில் முட்காட்சிகளை நினைவுகூர்வோர் இதனை மறுக்கார். ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு. இவை நான்கும் வாழ்வால் ஒருவர்மேல் வந்து படிபவை. கிம்மின் இளிவரலோ ஒருவர் மற்றொருவர் உடலில் வலிந்து இழைக்கும் காயத்திலிருந்து பிறப்பது. அக்காயம் பெரும்பாலும் எவர் உடலில் இழைக்கப்படுகிறது என்பதே நாம் கேட்கத் தவறிய கேள்வி.

மௌனத்திற்கும் இது பொருந்தும். கிம்மின் ஆண்களும் பேசுவதில்லை, பெண்களும் பேசுவதில்லை; ஆனால் இரு மௌனங்களும் ஒன்றல்ல. பேசாத ஆண் செயலால் பேசுகிறான்: பூட்டைத் திறக்கிறான், அம்பு எய்கிறான், பெண்ணைக் கடத்துகிறான். பேசாத பெண்ணுக்கு எஞ்சுவது பெரும்பாலும் அவள் உடல் மட்டுமே. கொரியப் பெண்ணியத் திறனாய்வாளர் இதனை முன்னரே சுட்டிக் கண்டித்திருந்தனர். அக்குரல் விழா வழியாக இங்கு வந்து சேரவில்லை. படங்கள் பயணம் செய்யும், அவற்றைப் பற்றிய பூசல்கள் பயணம் செய்வதில்லை. 'மோபியஸ்' படப்பிடிப்பில் தம்மை அறைந்ததாக ஒரு நடிகை 2017இல் புகார் அளித்ததும், அதன்பேரில் இயக்குநருக்கு அபராதம் விதிக்கப்பட்டதும், 2018இல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் வெளிவந்ததும், அவற்றை அவர் மறுத்ததும் அனைவரும் அறிந்தவை. படைப்பையும் படைப்பாளியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் வாதம் இங்கு முழுமையாகத் துணைசெய்யாது. நாம் தியானம் என்று கொண்டாடிய மௌனத்தைப் படங்களுக்குள்ளேயே மீண்டும் பார்க்க வேண்டியுள்ளது.

விழாக் கண்ணாடியின் குறையை மட்டாஞ்சேரியில் இருப்பவர் எளிதில் உணர்வர். 1953 செப்டம்பரில் 'சாப்பா' முறைக்கு எதிராகப் போராடிய துறைமுகத் தொழிலாளர்மீது இங்குத் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதனை ராஜீவ் ரவி 'துறமுகம்' எனப் படமாக்கினார். 2021இல் ராட்டர்டாம் விழாவில் இடம்பெற்ற அப்படம் 2023இல் திரையரங்குகளுக்கு வந்தது. அதை மட்டும் கண்ட டச்சுக்காரர் ஒருவருக்கு மட்டாஞ்சேரி என்பது சேறும் குருதியுமே. கடைத்தெருவின் மிளகு மணமும், கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் கலந்த பேச்சும் அவருக்கு எட்டா. படம் பொய்யன்று, ஆயினும் ஊர் அதனுள் அடங்காது. கொரியா பற்றிய நம் அறிவும் அத்தகையதே.

பெருந்தொற்றின் காரணமாக இருபத்தைந்தாவது கேரள விழா நான்கு ஊர்களில் பிரித்து நடத்தப்பட்டது. 2021 பிப்ரவரி 17 முதல் 21 வரை கொச்சியின் முறை. மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் கடந்து எறணாகுளம் சென்றால் விழா அரங்குகள். கிம் லாட்வியாவில் இறந்து அப்போது இரு மாதங்களே ஆகியிருந்தன. அவ்விழாவில் தனிப்பிரிவாக இடம்பெற்றவை மற்றொரு கொரியரான லீ சாங்-டாங்கின் படங்கள். இத்தேர்வு கேரளத்தின் கொரியாவைச் சற்றே திருத்தியது எனலாம்.

லீயின் 'கவிதை' (2010) கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்றது. அதன் நாயகி மீஜா முதியவள், மறதிநோய் தொடங்கியவள், பிறர் வீட்டில் நோயாளியைப் பேணிப் பிழைப்பவள். அவள் பேரனும் நண்பர்களும் ஒரு மாணவியை வன்புணர, அம்மாணவி ஆற்றில் விழுந்து இறக்கிறாள். சிறுவர்களின் தந்தையர் பணம் திரட்டி அதனை மூடிமறைக்க முயல்கின்றனர். மூப்பு, பிணி, வருத்தம் ஆகியவற்றோடு, உரைமரபில் வறுமை எனவும் பொருள்படும் மென்மையும் இவள் ஒருத்தியிடமே கூடிவருதல் வியப்பிற்குரியது. கிம்மிடம் அருவருப்பாகத் திரிந்த இளிவரல் இங்கு இரக்கத்திற்கு வழிவிடுகிறது. மீஜா கவிதை எழுதக் கற்கும் வகுப்பில் சேர்கிறாள். நெடுநாள் ஒரு வரியும் வருவதில்லை. இறுதியில் அவள் எழுதிய கவிதை அவள் குரலில் தொடங்கி, இடையே இறந்த மாணவியின் குரலாக மாறுகிறது. ஆற்றுப்பாலத்தில் நிற்கும் அச்சிறுமி திரும்பி நம்மைப் பார்க்கிறாள்.