புகார் கொடுக்க ஆளில்லாத லஞ்சம்

2023 மே 13 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். பாக்கெட்டில் இருந்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் படுக்கைகள் நிரம்பின. அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயச் சாவுகள் நடந்தன. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அரசு விரைந்து செயல்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. வழக்கை சிபிசிஐடியிடம் ஒப்படைத்தது. விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும், உள்ளூர்க் காவல் நிலையம், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு ஆகியவற்றின் ஆய்வாளர்களும் உதவி ஆய்வாளர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

பணியிடை நீக்கம் என்பது நிர்வாக நடவடிக்கை. கடமையைச் சரியாகச் செய்தார்களா என்ற கேள்வியோடு அது நின்றுவிடும். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருக்க யாராவது பணம் வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. மரக்காணத்தில் இன்னார் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை யார் மீதும் ஏற்றக் கூடாது. ஆனால் இத்தனை சாவுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வியை யார் கேட்க வேண்டும், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன அதிகாரத்தோடு? நம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பலமும் பலவீனமும் அங்கேதான் வெளிப்படுகின்றன.

சட்டத்தின் வலதுகை

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும், 1964இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட லஞ்ச ஒழிப்புத் துறையும் சேர்ந்து ஒரு காரியத்தை உண்மையிலேயே நன்றாகச் செய்கின்றன. அது பொறி வைத்துப் பிடிப்பது.

பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றுக்கோ போனவரிடம் ஊழியர் பணம் கேட்கிறார். கேட்கப்பட்டவர் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறார். வழக்கு பதிவாகிறது. ரூபாய் நோட்டுகளின் எண்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டு, அவற்றின் மேல் பினாப்தலின் பொடி தடவப்படுகிறது. வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் சாட்சிகளாக உடன் போகிறார்கள். பணம் கைமாறியதும் முன்பே பேசிவைத்த சைகை. அதிகாரிகள் உள்ளே நுழைகிறார்கள். வாங்கியவரின் விரல்கள் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கப்படுகின்றன; நிறமற்ற நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. அந்த நீர் புட்டியில் அடைக்கப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. கையும் களவுமாகப் பிடிப்பது என்பதை இதைவிட நேரடியாகச் செய்துவிட முடியாது.

இதற்கு மேலிடத்தின் முன் அனுமதியும் தேவையில்லை. வாங்கிய பணம் லஞ்சமாகவே வாங்கப்பட்டது என்று அனுமானிக்கச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தருகிறது. லஞ்சம் கேட்டதையும் பெற்றதையும் மெய்ப்பித்தே ஆக வேண்டும் என்றாலும், புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியாக மாறினாலோ மற்றச் சாட்சியங்களையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கொண்டு அதை நிறுவலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. சாட்சியை மிரட்டிக் கலைத்துவிட்டால் வழக்கு ஒழிந்தது என்ற பழைய நம்பிக்கைக்கு அந்தத் தீர்ப்பு ஓர் அடி.

பிடிபடுவது கிராம நிர்வாக அலுவலரும் நில அளவையரும் போன்ற கீழ்மட்ட ஊழியர்கள்தானே என்று இதை அலட்சியமாகப் பேசுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாரும் பெண்ணுக்கு, ஒரு சான்றிதழுக்காகக் கேட்கப்படும் இரண்டாயிரம் ரூபாய் பல நாள் கூலி. அதைக் கேட்டவர் சிறைக்குப் போவது சின்ன விஷயம் அல்ல.

எங்கே கண் தெரியவில்லை

ஆனால் இந்த முறை முழுக்க ஒரே அடிப்படையில் நிற்கிறது: பணம் கொடுப்பவருக்கு வயிறு எரிய வேண்டும். எரிந்தால்தான் புகார், புகார் வந்தால்தான் பொறி.

மாமூல் அப்படிப்பட்டது அல்ல. கள்ளச்சாராயம் விற்பவர் மாமூல் கொடுத்தால் அவருக்கு அது தொழில் செலவு. வாங்குபவருக்கு மாத வருமானம். இருவருக்குமே இதில் நஷ்டம் இல்லை, எனவே இருவருமே வாய் திறக்க மாட்டார்கள். நஷ்டப்படுபவர் மூன்றாம் ஆள். அலுப்புத் தீர மலிவாக ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்த மீனவர், கூலிக்காரர். அந்தப் பேரத்தில் அவர் இல்லவே இல்லை. எங்கே, எப்போது, யார் கையில் பணம் மாறியது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், சாவுக்குப் பிறகு புகார் கொடுக்க அவர் இருக்க மாட்டார்.

சட்டத்தில் இதற்கு வார்த்தை இல்லாமல் இல்லை. கடமையைச் செய்யாமல் இருப்பதற்காகப் பணம் பெறுவதும் குற்றம் என்று 7ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஓட்டை சட்ட வாசகத்தில் இல்லை, அமலில் இருக்கிறது. வலையின் கண் சரியாகத்தான் இருக்கிறது. மீன் இருக்கும் இடத்தில் யாரும் வலையை வீசுவதில்லை.

2018ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த மௌனத்தை இன்னும் இறுக்கியது. அதுவரை பெரும்பாலும் வாங்குபவரையே குறிவைத்த சட்டம், கொடுப்பவரையும் நேரடிக் குற்றவாளி ஆக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பெரு நிறுவனங்களை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு நியாயம்தான். ஆனால் அலுவலகப் படியேறவே தயங்கும் ஒருவர், கொடுத்த ஏழு நாட்களுக்குள் துணிவு பெற்று மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய் எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத எதிர்பார்ப்பு. எட்டாம் நாள் அவர் புகார்தாரர் அல்ல, குற்றவாளி.

மேலே ஏற ஏற

பொறி வைத்துப் பிடிக்க அனுமதி வேண்டாம் என்று பார்த்தோம். ஒரு முடிவெடுத்த அல்லது பரிந்துரை செய்த அதிகாரியைப் பற்றி விசாரிப்பதற்கு மட்டும் 17ஏ பிரிவின் கீழ் அரசின் முன் ஒப்புதல் வேண்டும். விசாரணை முடிந்து நீதிமன்றம் போக 19ஆம் பிரிவின் கீழ் இன்னொரு அனுமதி. யாரைப் பற்றிப் புகாரோ, அவருடைய மேலிடத்திடமே இரண்டு முறை போய் நிற்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதை முன்பே எதிர்த்திருக்கின்றன. உயர் அதிகாரிகளை விசாரிக்க முன் அனுமதி கேட்ட நிர்வாக உத்தரவை 1997இல் உச்ச நீதிமன்றத்தின் வினீத் நாராயண் தீர்ப்பு ரத்து செய்தது. அதையே சட்டப் பிரிவாக்கிக் கொண்டு வந்தபோது 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதையும் செல்லாது என்றது. ஊழல் செய்தவர்களை உயர்ந்த பதவி, தாழ்ந்த பதவி என்று பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்பது அதன் அடிப்படை. நான்கே ஆண்டுகளில் 17ஏ வந்தது.

இந்தப் பிரிவுக்கு ஆதரவான வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. புயல் அடித்த இரவில் டெண்டருக்குக் காத்திராமல் படகையும் அரிசியையும் ஏற்பாடு செய்யும் ஆட்சியர் மீது நாளைக்கே ஊழல் வழக்குப் பாயும் என்றால் எந்த ஆட்சியரும் கையெழுத்துப் போட மாட்டார். மரக்காணம் கடற்கரை ‘தானே’ புயலையும் பெருவெள்ளங்களையும் கண்டது. துணிந்து முடிவெடுக்கும் அதிகாரி இங்கே உயிர் காப்பவர். நேர்மையான முடிவுக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் காவலை அரசாங்கமே தருவதில்தான் மறுப்பு. அனுமதி தருவதும் மறுப்பதும் அதே நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை, நேர்மையாளருக்குக் கட்டிய வேலி நேர்மையற்றவருக்கும் காவல் நிற்கும்.

காலக்கெடு இருக்கிறது, மூன்று மாதம், சட்ட ஆலோசனைக்கு மேலும் ஒரு மாதம். வழக்கு நடத்த அனுமதி தருவதற்கான இந்தக் கெடு கட்டாயமானதே என்று 2022இல் விஜய் ராஜ்மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை சிபிஐ தொடுத்த வழக்கு அது. கெடு தவறினால் வழக்கு ரத்தாகாது, தாமதித்த அதிகாரியே பொறுப்பேற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்பு. தாமதித்த அதிகாரிகள் பொறுப்பேற்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

ஆண்டுகள் தின்னும் வழக்கு

விழுப்புரம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2006இலிருந்து அமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக க. பொன்முடி மீது 2011இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. 2016 ஏப்ரலில் விழுப்புரம் நீதிமன்றம் விடுவித்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் புரட்டி மூன்றாண்டு சிறையும் 50 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். வழக்குப் பதிந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி திறந்தே கிடந்தது. ஊழல் வழக்கு விசாரணையை இரண்டு ஆண்டுகளில் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2018 திருத்தம் சொல்கிறது. மேல்முறையீட்டுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

இந்தத் தாமதம் இரண்டு பக்கமும் அநியாயம் செய்கிறது. குற்றமற்றவர் பழியைச் சுமந்தே வயதாகிறார். குற்றவாளி பதவியும் ஓய்வூதியமும் பெற்று முடித்துவிடுகிறார்.

ஹாங்காங் கண்டுபிடித்த வழி

மாமூலைப் பிடிக்கவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங் காவல்துறையில் சூதாட்ட விடுதிகளிடமும் போதைப்பொருள் வியாபாரிகளிடமும் கூட்டாக வசூலித்துப் பங்கு போடும் வழக்கம் இருந்தது. 1973இல் பீட்டர் காட்பர் என்ற தலைமைக் கண்காணிப்பாளரின் 43 லட்சம் ஹாங்காங் டாலர் சொத்து வெளிவந்ததும் அவர் இங்கிலாந்துக்கு ஓடினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974 பிப்ரவரியில் காவல்துறைக்குக் கட்டுப்படாத, ஆளுநரிடம் நேரடியாகப் பதில் சொல்லும் ஊழல் தடுப்பு ஆணையம் பிறந்தது. 1975இல் காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து சிறையில் அடைத்தது. அங்கே பொறி வைத்துப் பிடிக்கவில்லை; சொத்துக் கணக்கில் தொடங்கி, உள்ளேயே இருந்த ஒருவரின் சாட்சியம்வரை போனார்கள்.

நம் சட்டத்திலும் அந்த வழி திறந்திருக்கிறது. வருமானத்துக்கு மீறிய சொத்துக்குத் திருப்தியான கணக்குச் சொல்ல முடியாவிட்டால், முறைகேடாகச் சேர்த்ததாகவே 13ஆம் பிரிவு அனுமானிக்கிறது. பதவியில் எடுத்த முடிவு பற்றிய குற்றங்களுக்கே 17ஏ ஒப்புதல் என்பதால், அதன் வாசகப்படி சொத்து விசாரணைக்கு அந்தத் தடை குறுக்கே நிற்காது. நம்மிடம் கருவி இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தும் சுதந்திரமான கைதான் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறை மாநில அரசின் கீழேயே இயங்குகிறது. 2008இல் அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. 2018இல் சட்டம் இயற்றி அமைத்த லோக் ஆயுக்தா அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு வளர்க்கப்படவில்லை.

இந்தக் குறையைக் களைய வேண்டும் என்பது புதிய சிந்தனை அல்ல. ஊழல் தடுப்பு பற்றி 1964இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் கே. சந்தானம், வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். ஊழலைக் கண்காணிக்கும் அமைப்பு நிர்வாகத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்பதே அவர் குழுவின் நோக்கு.

செய்ய வேண்டியது

மரக்காணம் நடந்து 13 மாதங்களில், 2019வரை விழுப்புரம் மாவட்டத்திலேயே இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்கு இரையானார்கள். மறுபடியும் இழப்பீடு, மறுபடியும் பணியிடை நீக்கம். மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை உயர்த்தினார்கள். அந்தக் கடுமை காய்ச்சுபவர், விற்பவர் பக்கமே பாய்ந்தது. 2024 நவம்பரில் வழக்கை சிபிஐக்கு மாற்றிய சென்னை உயர் நீதிமன்றம், காவல்துறையினர் கண்டும் காணாமல் இருந்ததாகவே தெரிகிறது என்று பதிவு செய்தது. மரக்காணத்திலேயே யாராவது பணம் வாங்கினார்களா என்ற கேள்வியை விடாமல் துரத்தியிருந்தால் கருணாபுரம் நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகவே என் முதல் கோரிக்கை இது. விஷச் சாராயத்தில் ஓர் உயிர் போனாலும், அந்தப் பகுதியில் தடுக்கும் பொறுப்பில் இருந்த அனைவரின் சொத்துக் கணக்கையும் யாருடைய புகாருக்கும் காத்திராமல் ஆராய வேண்டும். கீழே உதவி ஆய்வாளரிலிருந்து மேலே மாவட்ட அளவுவரை இது பொருந்த வேண்டும். கணக்கு நேராக இருப்பவரை அதே அறிக்கை பகிரங்கமாக விடுவிக்க வேண்டும். நேர்மையான காவலருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, 17ஏ ஒப்புதலை வழங்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்து லோக் ஆயுக்தாவிடம் தந்து, அதற்குச் சொந்தப் புலனாய்வுப் பிரிவையும் தர வேண்டும். மூன்றாவது, பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் எப்போது, எந்தக் காரணத்தால் மீண்டும் பணியில் சேர்ந்தார் என்பதை வெளியிட வேண்டும். இறந்தவர் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுத்த அரசு, அந்தப் பதிலையும் அவர்களுக்குத் தரக் கடமைப்பட்டது.