மலையுச்சியும் சதுக்கமும்: குண்டலகேசியின் செயல் பற்றிய ஓர் ஆய்வு

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி நமக்கு முழுநூலாகக் கிடைத்திலது. நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியத்தினின்று எஞ்சியவை பத்தொன்பது செய்யுட்களே. அவற்றுள் கதைப்போக்கினை உணர்த்துவன மிகச் சில. ஆதலின், தலைவியின் வரலாற்றை அறிய விழைவார் அந்நூலை மறுத்தெழுந்த நீலகேசியின் உரையையே நாடவேண்டியுள்ளது. குடந்தை அரசினர் கல்லூரி முதல்வராக விளங்கிய அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் 1936-இல் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் நீலகேசியை வெளியிட்டிராவிடின், இச்சிறு வாயிலும் நமக்கு அடைபட்டிருக்கும். ஒருத்தியின் வழக்கை அவளுடைய எதிர்வழக்காடியின் வாய்மொழியால் மட்டுமே அறியும் நிலையில் நாம் உள்ளோம் என்பதனை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

இலக்கிய வரலாற்று நூல்களும் மாணாக்கர் குறிப்புகளும் அக்கதையைப் பெரும்பாலும் ஒரே தொடரில் அடக்குகின்றன: கணவனைக் கொன்றாள், துறவு பூண்டாள், வாதில் வென்றாள். இத்தொடரில் பொய் இல்லை. ஆயினும், அவள் கொல்லுமுன் அவன் கொல்ல முற்பட்டான் என்னும் உண்மை இதில் இடம்பெறவில்லை. கொடுமைக்கு ஆளான பெண் தன்னைக் கொடுமை செய்தவனையே கொல்லநேரின் அச்செயலை எவ்வாறு மதிப்பது என்பது இன்றைய நீதிமன்றங்கள் எதிர்கொள்ளும் வினா. அவ்வினாவினைத் தமிழிலக்கியம் முன்னரே எழுப்பியுள்ளது. அதற்கு அது கூறும் விடைகள் யாவை என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

1. புகார் நகரத்து முறை

காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரத்தினின்றே தொடங்குதல் பொருந்தும். குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1898-இல், உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தளித்த மணிமேகலையில், சிறைசெய் காதை முழுவதும் ஒரு நீதி விசாரணையாகவே அமைந்துள்ளது. மணிமேகலையை விடாது பின்தொடர்ந்த அரசிளங்குமரன் உதயகுமரன், காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் என்னும் விஞ்சையனால் வெட்டுண்டு இறக்கின்றான். செய்தியை மாவண்கிள்ளிக்கு அறிவிக்க வரும் முனிவர்கள் அதனை உடனே கூறாமல், அந்நகரத்துப் பழைய வழக்குகள் இரண்டினை முன்வைக்கின்றனர்.

காவிரியில் நீராடி மீண்ட மருதி என்னும் பார்ப்பனியை ககந்தனின் இளைய மகன் தவறான எண்ணத்துடன் அழைக்கின்றான். அவள் சதுக்கப் பூதத்தினிடம் சென்று முறையிடுகின்றாள். விசாகை என்னும் வணிகர் குலமகளுக்கு மாலைசூட்ட முனைகின்றான் மூத்த மகன். மைந்தர் இருவரையும் தந்தையாகிய ககந்தனே வாளால் வீழ்த்துகின்றான். இவ்விரு கதைகளையும் கேட்ட மாவண்கிள்ளி தன் மைந்தனுக்கு நேர்ந்தது தக்க தண்டமே என உடன்படுகின்றான். ஆயினும் தான் செய்தற்குரிய முறையை வேறொருவன் செய்துவிட்டமையின் அவ்விஞ்சையன் தகுதியற்றவன் என்கின்றான்.

இக்கூற்று ஊன்றி நோக்கத்தக்கது. தண்டத்தில் பிழையில்லை, தண்டித்த கையிலேயே பிழை என்பது அரசனின் தீர்ப்பு. உயிரைக் கொள்ளும் உரிமை அரசுக்கே உரியது என்னும் கொள்கையைச் சாத்தனார் இதனினும் சுருக்கமாகக் கூறியிருத்தல் இயலாது. அக்கொள்கையை நாம் எளிதில் புறந்தள்ளவும் இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் பகையைத் தாமே தீர்க்கத் தொடங்கின் மெலியார்க்கே முதற்கேடு விளையும்.

எனினும், அம்முறைக்குள்ளும் பெண்ணுக்குரிய இடம் யாது? மருதி முறையிட்டபோது, பூதம் முதலில் அவளையே குறை கூறுகின்றது. வம்புக்கதைகளைக் கேட்டும் பிற தெய்வ விழாக்களில் மகிழ்ந்தும் இருந்தமையால் அவளது கற்பின் ஆற்றல் குன்றிற்று என்கின்றது. அதன் பின்னரே, ஏழு நாளுக்குள் அரசன் தண்டிப்பான் எனத் தேற்றுகின்றது. மணிமேகலையோ, எவரையும் கொல்லாதவள். ஆயினும் காவலில் வைக்கப்படுகின்றாள். மகனை இழந்த அரசமாதேவி, அவளுக்குப் பித்தேற்ற மருந்தூட்டியும், கயவன் ஒருவனை ஏவியும், உணவின்றி அறையில் அடைத்தும் துன்புறுத்துகின்றாள். கொடியவன் தண்டிக்கப்பட்டான், கொடுமைக்கு ஆளானவள் மீதும் வழக்கு ஓயவில்லை. ஆகவே, புகார் நகரத்து முறை பெண்ணைக் காத்தது என்பதும் மெய். அவளை ஐயுற்றது என்பதும் மெய்.

2. மலையுச்சியில் நிகழ்ந்தது

இனி, தன் கையாலேயே செய்தவளிடம் வருவாம். குண்டலகேசியின் கதை பாலி மொழியில் தம்மபத உரையிலும் தேரிகாதை உரையிலும் விரிவாக உள்ளது. கொலைத்தண்டனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வனை வணிகன் மகள் கண்டு காதலித்து, தந்தையின் பொருளால் மீட்டு மணக்கின்றாள். பாலிக் கதையில் அவன் பெயர் சத்துகன். அவளுடைய அணிகலன்களைக் கவரும் வேட்கையால் வழிபாட்டைக் காரணங்காட்டி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான். தமிழ் வழக்கில் அவன் காளன் எனப்படுகின்றான். ஊடற்காலத்தில் அவள் விளையாட்டாக 'நீ கள்வன் அல்லையோ' என்ற பொருளில் கூறிய ஒரு சொல்லை மனத்தில் வைத்துக் கறுவி, கொல்லத் துணிகின்றான்.

இவ்வேறுபாட்டினை ஆய்வாளர் போதிய அளவு கருதினாரல்லர் என்பது நம் துணிபு. பாலியில் கொலைக்குக் காரணம் பொருளாசை. தமிழிலோ புண்பட்ட ஆண்மைச் செருக்கு. முன்னது கள்வன் ஒருவனின் தொழில். பின்னது இல்லறத்தினுள்ளேயே பிறந்து வளரும் வன்மம். ஒரு சொல்லுக்காக மனைவியின் உயிரையே விலையாகக் கேட்கும் கணவனைப் படைத்ததன் வாயிலாக, தமிழ்க்கதை இச்சிக்கலைக் கள்வர் உலகினின்று வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவந்துள்ளது.

இறக்குமுன் அவனை மும்முறை வலம்வந்து வணங்க இசைவு வேண்டுகின்றாள். பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிடுகின்றாள். இதனை வஞ்சகம் எனக் கூறுவார் உளர். வலியானொருவன் எதிர்நின்று போரிடலாம். அவனுக்கு நேர்மை எளிது. கையாலும் தோளாலும் அவனுக்கு நிகராகாதவள் உயிர் தப்புவதற்கு எஞ்சியிருந்த ஒரே கருவி அறிவு. அச்சூழலில் சூழ்ச்சியைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்வது, மெலியார்க்குத் தற்காப்பே இல்லை எனக் கூறுவதனோடு ஒக்கும். பாலிக் கதையாசிரியர் இதனை நன்குணர்ந்தார். அம்மலையில் உறையும் தெய்வம் அவளைப் பழிக்கவில்லை. அறிவு ஆடவர்க்கே உரியதன்று எனப் பாராட்டுகின்றது.

அதனினும் உயர்ந்ததொரு பகுதி அதனையடுத்து வருகின்றது. இனி வீடு திரும்பலாமா என அவள் எண்ணிப் பார்க்கின்றாள். கணவன் எங்கே என வினவுவர். கொன்றேன் எனின் சொல்லம்புகளால் துளைப்பர்; அவன் என்னைக் கொல்ல முயன்றான் எனின் நம்பமாட்டார். ஆதலின் வீட்டினைத் துறந்து செல்கின்றாள். அவள் அஞ்சியது அரசனின் வாளையன்று. தன் சொல் நம்பப்படாது போவதையே. அவளது துறவுக்கு வாயிலாக அமைந்தது முதலில் மெய்ஞ்ஞானமன்று. தன் சாட்சியத்துக்கு மன்றம் இல்லை என்னும் உணர்வேயாம்.

3. சட்டத்தின் அளவுகோல்

இவ்விடத்தில் இற்றைச் சட்டத்தினை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்துள்ளன. ஒன்று தற்காப்புரிமை. சாவோ கொடுங்காயமோ வன்புணர்ச்சியோ நேரும் எனத் தக்க காரணத்துடன் அஞ்சும் நிலையில், தாக்குபவனைக் கொல்வதும் குற்றமாகாது (பழைய சட்டத்தில் 100-ஆம் பிரிவு, புதியதில் 38). மற்றொன்று, கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னை அடக்கும் ஆற்றலை இழந்தவர் செய்த கொலையைக் குறைந்த குற்றமாகக் கொள்ளும் விதிவிலக்கு (300-ஆம் பிரிவு, புதியதில் 101).

முதல் வாயில் நம் நாட்டில் பெண்டிர்க்கு வெறும் எழுத்தாக மட்டும் இல்லை. 2012-இல் மதுரையில், மகளை வன்கொடுமையினின்று காக்கக் கணவனை அடித்துக் கொன்ற தாய் ஒருவரைக் காவல்துறையினர் 100-ஆம் பிரிவினைக் கொண்டு விடுவித்தனர். 2021-இல் திருவள்ளூர் மாவட்டத்தில், தன்னை வன்புணர முயன்றவனைக் கத்தியால் குத்திக் கொன்ற இளம்பெண்ணும் அவ்வாறே விடுவிக்கப்பட்டார். குண்டலகேசி இன்று மன்றேறின், இவ்வாயிலே அவளுக்கும் உரியதாகும். சாவு அவள் கண்முன் நின்றது. தப்ப வேறு வழியில்லை.

இரண்டாம் வாயிலே இடர்ப்பாடு மிக்கது. ஆண்டுக்கணக்கில் அடியும் அச்சமும் உற்றவள், அவன் அடிக்கும் பொழுதில் எதிர்க்கும் வலியற்றவளாகி, அவன் உறங்கும்பொழுதோ அயர்ந்தபொழுதோ கொல்வாளாயின், 'திடீர்' என்னும் சொல் அவளுக்கு எதிராக நிற்கின்றது. நானாவதி வழக்கில் 1961-இல் உச்சநீதிமன்றம், கொல்லப்பட்டவரின் முந்தைய செயல்கள் உருவாக்கிய மனநிலையையும் கருதலாம் எனினும், சினம் தணியக் கால இடைவெளி இருந்தால் விதிவிலக்கு இல்லை என வரையறுத்தது. இந்த முந்தைய செயல்களைக் கருதும் கொள்கை, அதற்கு முன்னரே, சென்னை உயர்நீதிமன்றத்தில் 1957-இல், மனைவியைக் கொன்ற கணவன் ஒருவனின் வழக்கில் அவனுக்கு ஆதரவாகக் கையாளப்பெற்றது. ஆடவனின் புண்பட்ட செருக்கு படிப்படியாகத் திரண்டதைச் சட்டம் எளிதில் கண்டது. பெண்ணின் அச்சம் அங்ஙனமே திரள்வதைக் காண அதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

1989-இல் சென்னை உயர்நீதிமன்றம், நீடித்துத் தொடர்ந்த ஆத்திரமூட்டலும் அவ்விதிவிலக்கினுள் அடங்கும் என்று கொண்டது. அவ்வழக்கு, மக்களுடன் கிணற்றில் வீழ்ந்து தான் மட்டும் பிழைத்த தாய் ஒருத்தியைப் பற்றியது. அவளது மனநிலையை விளக்க மன்றம் நாடியது மேலைநாட்டு உளநூலை மட்டுமன்று; நல்லதங்காள் கதையையும் நாடிற்று. அந்நிலைக்கு அவள் பெயரையே இட்டு வழங்கியது. 2013-இல் குவாகத்தி உயர்நீதிமன்றம் கணவனைக் கொன்ற மனைவி ஒருவரின் வழக்கில், இடைவிடாக் கொடுமைக்கு ஆளான பெண்ணின் மனநிலையைக் கருத்திற்கொண்டு குற்றத்தைக் குறைத்தது.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா அவர்களின் வழக்கும் நோக்கத்தக்கது. பல்லாண்டுக் கொடுமைக்குப் பின் 1989-இல் கணவனைத் தீயிட்டுக் கொன்றமைக்காக ஆயுள் தண்டனை பெற்ற அவர், 1992-இல் மேல்முறையீட்டில் வென்று விடுதலை பெற்றார். ஆயின் எக்காரணத்தால்? உளச்சோர்வால் பொறுப்புக் குறைந்தவர் என்னும் காரணத்தால். 2009-ஆம் ஆண்டுச் சட்டமே, தன்னடக்கம் இழத்தல் திடீரென நிகழவேண்டுவதில்லை என அந்நாட்டில் வரையறுத்தது. ஈண்டுப் பழங்கதைக்கும் புதுச்சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. மலைத்தெய்வம் குண்டலகேசியை அறிவுடையாள் என்று விடுவித்தது; மன்றமோ கிரண்ஜித்தை நோயுடையாள் என்று விடுவித்தது. விடுதலை ஒன்றே, ஆயினும் ஒன்றில் அவள் சொல்லுக்கு மதிப்புண்டு, மற்றொன்றில் மருத்துவர் சொல்லுக்கே மதிப்பு.

4. மொழி காத்தனவும் கைவிட்டனவும்

சட்டம் நல்லதங்காளின் பெயரை எடுத்துக்கொண்டது; குண்டலகேசியின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. இது தற்செயலன்று. துன்பத்தைத் தன்மீதும் தன் மக்கள்மீதும் திருப்பிக்கொண்டவளை நாட்டுப்புறக் கதைப்பாட்டு வீடுதோறும் பாடிக் காத்தது. துன்பம் செய்தவன்மீதே திருப்பியவளின் காப்பியம் அழிந்தது. மூன்றாமவள் ஒருத்தியும் உளள். கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி அவனைப் பழிவாங்கிய பழையனூர் நீலியின் கதையில், வாக்குத் தவறாது உயிரீந்த வேளாளர் எழுபதின்மர் போற்றப்படுகின்றனர். அவளது அழுகையோ 'நீலிக் கண்ணீர்' எனப் பொய்யழுகைக்கே பெயராயிற்று. முதலில் கொல்லப்பட்டவள் அவளே என்பதனை அத்தொடரைக் கூறுவார் நினைப்பதில்லை. 'நம்பமாட்டார்' எனக் குண்டலகேசி அஞ்சியதனை, மொழியே ஒரு மரபுத்தொடராக நிலைநாட்டிவிட்டது.

அந்த நீலியே சமண முனிவரால் அருள் பெற்று நீலகேசியாகிக் குண்டலகேசியை வாதில் வெல்கின்றாள். கணவனைக் கொன்றவர் எனப் பெயர் பெற்ற இருவர் எதிரெதிர் நின்று வாதிடும் அம்மன்றத்தில், சமயக் கொள்கைகள் நுணுகி ஆராயப்படுகின்றன. இருவருக்கும் பொதுவாகிய துன்பம் பேசுபொருளாகவில்லை.

எனின், கொலையை நாம் நியாயப்படுத்துகின்றோமா? அன்று. மாவண்கிள்ளி காட்டிய அச்சம் மெய்யானதே. ஆயினும், அவன் நகரத்தில் மருதி ஓடிச் செல்வதற்குச் சதுக்கம் இருந்தது. கேட்பதற்குப் பூதம் இருந்தது. தண்டிப்பதற்கு ககந்தன் இருந்தான். மலையுச்சியில் குண்டலகேசிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆதலின், இத்தகைய செயலை அளக்கவேண்டிய அளவுகோல் கழிந்த கால அளவன்று. அவள் சென்றடைய ஒரு சதுக்கம் இருந்ததா, சென்றால் அவள் சொல் கேட்கப்பட்டிருக்குமா என்பதே. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்பு அலுவலர், உறைவிடம் முதலியவற்றால் அத்தகையதொரு சதுக்கத்தை அமைக்க முற்பட்டது. கொடுமையைப் பல முறை முறையிட்டும் கேட்பாரின்றித் திரும்பியவளை, 'ஏன் முறையிடவில்லை' என மன்றம் வினவுமாயின், அது மருதியைக் குறை கூறிய பூதத்தின் குரலேயாம்.

தமிழாய்வார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. சட்டம் தன் விளக்கங்களுக்கு இலக்கியத்தை நாடும் என்பதனை 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டிற்று. நாம் எழுதும் கதைச்சுருக்கமும் ஒருநாள் ஒருத்தியின் வழக்கில் சான்றாகலாம். எஞ்சிய செய்யுட்களையும், நீலகேசி உரையையும், பாலி மூலங்களையும் ஒருங்குவைத்துக் குண்டலகேசியின் வரலாற்றை முதலினின்று முடிவுவரை எழுதும் பணி முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்கது. அங்ஙனம் எழுதும்போது 'கணவனைக் கொன்றாள்' என்பதன் முன், 'கணவன் கொல்ல முயன்றான்' என்னும் தொடரும் இடம்பெறுமாக.