காக்கைகளுக்கு ஒரு வரி: கொள்ளைநோயும் பார்த்துக்கொள்ளுதலும்

1

பேச்சுத் தமிழில் 'பாத்துக்கிறேன்' என்கிற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. 'நீ போய்ட்டு வா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்' என்றால் அது அடைக்கலம். 'வெளியில வா, உன்னப் பாத்துக்கிறேன்' என்றால் அது மிரட்டல். கொள்ளைநோய் வந்தபோது அரசும் நம்மைப் பார்த்துக்கொண்டது. எந்த அர்த்தத்தில் என்பதுதான் இங்கே கேள்வி.

கோவிட் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. புள்ளிவிவர மோசடி, தடுப்பூசி வியாபாரம், நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்கள், இதெல்லாம் பேசப்பட்டிருக்கின்றன. மூச்சு வாங்கிக் கிடந்தவரின் பக்கத்தில் நின்றவர், மூத்திரம் துடைத்தவர், தொண்டையில் ஒரு வாய்த் தண்ணீர் விட்டவர், கடைசியில் பையில் சுற்றிக் கட்டியவர், இவர்கள் நம் கோட்பாட்டு எழுத்துக்குள் அதிகம் வரவில்லை. 'சேவை', 'தியாகம்', 'வெள்ளுடை தேவதை' என்று சொல்லிக் கும்பிட்டு அனுப்பிவிட்டோம். கும்பிட்டு அனுப்புவது இந்த மண்ணில் பழைய உத்தி. கும்பிடப்பட்டவர் கூலி கேட்க முடியாது.

2

மிஷல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் நோயை அதிகாரம் கையாண்ட இரண்டு விதங்களைப் பற்றிப் பேசுகிறார். தொழுநோயாளியை ஊரைவிட்டு வெளியே தள்ளுவது ஒன்று. பிளேக் வந்த ஊரைத் தெருத்தெருவாகப் பூட்டி, ஒவ்வொருவரையும் ஜன்னலுக்கு வரச்சொல்லிப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது இன்னொன்று. முன்னது விலக்கல், பின்னது ஒழுங்குபடுத்தல். 2020இல் இந்தப் பக்கங்களை மேற்கோள் காட்டாத அறிவுஜீவி குறைவு. ஊரடங்கு, தெருவை மறித்த தகரத் தடுப்பு, வீட்டுக் கதவில் ஒட்டிய தாள், எல்லாம் அச்சாகப் பொருந்திற்று.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொரு வரியும் இருக்கிறது. பூட்டிய ஊருக்குள் அதிகாரியும் காவலனும் மட்டும் நடமாடவில்லை. நோயாளியைத் தூக்க, பிணத்தைப் புதைக்க, அசிங்கத்தைக் கழுவ என்று வைக்கப்பட்டிருந்த எளிய மனிதர்களும் வீட்டுக்கு வீடு போய்வந்தார்கள். 'காக்கைகள்' என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த பெயர். செத்தால் சாகட்டும் என்று விடப்பட்டவர்கள். ஃபூக்கோ இவர்களைப் பார்க்கிறார், ஒரு வரியில் கடந்துபோகிறார். அவருடைய அக்கறை கண்காணிக்கும் கண் மேல். காக்கையின் கை அவருக்கு முக்கியமில்லை.

ஐரோப்பியச் சிந்தனையாளர் கடந்துபோகலாம், இருந்துட்டுப் போகட்டும். சாதிச் சமூகத்தில் இருந்துகொண்டு அவரைப் படிக்கிற நாம் அந்த வரியில் நின்றிருக்க வேண்டும். அங்கே கொள்ளைநோய் வந்த பிறகு காக்கைகளைத் தேட வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமம் கிடையாது. பிணம் எரிக்க, சாவுச் சேதி சொல்ல, பீ அள்ள, பிள்ளைப்பேறு பார்க்க என்று எல்லாவற்றுக்கும் பிறப்பிலேயே ஆள் நியமித்து வைத்திருக்கிற சமூகம் இது. நோய் வராத நாளிலேயே காக்கைகள் தயார். மனிதர்களுக்குக் காக்கை என்று பேர் வைத்தவர்கள் அவர்கள். திவசத்துக்கு நிஜக் காக்கையைக் கூவிக் கூவி அழைத்துச் சோறு வைத்துவிட்டு, பிணத்தை எரித்துக் கொடுத்த மனிதனை வாசலோடு நிறுத்தியவர்கள் நாம்.

3

கொள்ளைநோய்ச் சட்டம் 1897 பிப்ரவரியில் வந்தது. முந்தின ஆண்டு பம்பாயில் கண்டறியப்பட்ட பிளேக்கை அடக்கப் பிரிட்டிஷ் அரசு அவசரமாகக் கொண்டுவந்த சட்டம். இயற்றப்பட்டபோது மொத்தம் நான்கே பிரிவுகள். பெயரும் எல்லையும் முதல் பிரிவு. அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்பது இரண்டாவது. மீறினால் தண்டனை என்பது மூன்றாவது. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்பது நான்காவது. நோயாளிக்கு என்ன உரிமை, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன பாதுகாப்பு? ஒரு சொல் கிடையாது. 2020இல் தூசு தட்டி எடுக்கப்பட்டதும் இதே சட்டம்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் சிறை என்று சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் அதுவும் தண்டனைதான். கவசஉடை, ஓய்வு, சம்பளம் எதுவும் அதற்குள் வரவில்லை.

அந்தச் சட்டத்தின் பலத்தில் பூனாவில் 1897இல் வீடு புகுந்து சோதனை நடந்தது. பிளேக் குழுவின் தலைவர் ராண்டை ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திலகர் சிறைக்குப் போனார். நம் பாடப்புத்தகங்களில் பூனா பிளேக் என்றால் இதுதான். ஆக்கிரமிக்கும் அந்நிய அரசு, ரோஷமுள்ள ஆண்கள், துப்பாக்கி. வெள்ளைக்காரச் சிப்பாய் வீட்டுக்குள் வந்ததும் பெண்களைச் சோதித்ததும் அவமானம், சந்தேகமில்லை. ஆனால் அந்த எதிர்ப்புக்குள் வேறொன்றும் கலந்திருந்தது. ஒரே மருத்துவமனையில் எல்லாச் சாதியும் படுப்பதா என்கிற கொதிப்பு. பம்பாயிலும் பூனாவிலும் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனியாகப் பிளேக் மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. காலனிய மருத்துவத்தை இந்திய உடல்கள் எதிர்கொண்ட விதத்தை விரிவாக ஆராய்ந்த டேவிட் ஆர்னால்டின் 1993ஆம் ஆண்டு நூலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சாகும்போதும் பக்கத்துக் கட்டிலில் யார் என்று பார்த்தார்கள்.

அதே பூனா, அதே 1897. மார்ச் 10ஆம் தேதி சாவித்ரிபாய் ஃபுலே பிளேக்கில் இறந்தார். வயது 66. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஊருக்கு வெளியே நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தானே சுமந்து வந்தார், அதில் தொற்றிக்கொண்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நோயாளியைத் தொடுவது, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரைத் தொடுவது, இரண்டையும் ஒரே செயலாகச் செய்தார். ராண்டைச் சுட்டதற்குத் தேசிய வரலாற்றில் அத்தியாயம் உண்டு. இந்தச் சாவுக்கு வெகுகாலம் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் சாவித்ரிபாயைத் தியாகச் சிலையாக்கினால் மறுபடி பழைய குழியில்தான் விழுவோம். காக்கையின் வேலையைக் காக்கையாகப் பிறக்காதவரும் செய்யலாம், செய்ய வேண்டும் என்று காட்டியதால்தான் அவர் முக்கியம். சாதி கட்டிவைத்த வேலைப் பங்கீட்டை அவர் உடைத்தார்.

4

2020க்கு வருவோம். மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். மே 3ஆம் தேதி மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள். கிராமங்களில் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்த ஆஷா பெண்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அரசுக் கணக்கில் அவர்கள் தொழிலாளர்கள் கிடையாது, தன்னார்வத் தொண்டர்கள். அதனால் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை. கோவிட் வேலைக்கு மாதம் கூடுதலாக 1,000 ரூபாய். அந்த வேலையில் செத்தால் 50 லட்சம் காப்பீடு. உயிருக்கும் சாவுக்கும் அரசு போட்ட விலை வித்தியாசத்தைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. விருது வந்தது, தொழிலாளி என்கிற அந்தஸ்து வரவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஜோன் ட்ரொன்டோ 1993இல் எழுதிய 'அற எல்லைகள்' நூலின் பகுப்பு உதவுகிறது. பார்த்துக்கொள்ளுதலை அவர் நான்கு கட்டமாகப் பிரிக்கிறார். அக்கறைப்படுவது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, அதைப் பெற்றுக்கொள்வது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களுக்கு, பின் இரண்டும் இல்லாதவர்களுக்கு. நம்மூர் பாஷையில் சொன்னால், தொலைக்காட்சியில் வந்து அக்கறைப்படுகிறவர் ஒருத்தர், பொறுப்பு அதிகாரி ஒருத்தர். கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைக்கிறவள் ஒருத்தி. கட்டிலில் கிடக்கிறவரும் குனிகிறவளும் ஒரே பக்கம் இருக்கிறார்கள். இருவருக்கும் குரல் இல்லை.

தமிழகத்தில் 'துப்புரவுப் பணியாளர்' 2020இல் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர் மாறிற்று, வேலை ஒப்பந்தக்காரன் கைக்குப் போவது நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்களை நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்திற்று. கொள்ளைநோயில் குப்பை அள்ளியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 'பாத்துக்கிறேன்' என்பதன் இரண்டாவது அர்த்தம் இதுதான்.

'சமூக இடைவெளி' என்கிற சொல்லைப் பற்றி அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். இங்கே சமூக இடைவெளிக்கு வைரஸ் எதற்கு? ஆனாலும் தொற்றையும் தீட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தொற்று யார் உடலுக்கும் வரும், சோப்புப் போட்டால் போகும், பதினாலு நாளில் முடியும். தீட்டுக்குக் கெடு கிடையாது. தொற்றின் பாஷை தீட்டின் பாஷையாக வழுக்கியதுதான் ஆபத்து. கோபால் குருவோடு சேர்ந்து 'விரிசல் விட்ட கண்ணாடி' (2012) நூலை எழுதிய சுந்தர் சருக்கை, தீண்டாமையைத் தொடப்படாதவரிடம் தேடாமல், தொட மறுக்கிறவரிடம் தேடச் சொல்கிறார். கொள்ளைநோயில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மருத்துவமனையில் வேலை செய்த நர்ஸை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரருக்குத் தொற்று பற்றி ஒன்றும் தெரியாது. தொட மறுப்பது எப்படி என்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

5

சாவுக்குப் பிறகும் இது தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட்டில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மண்ணை அள்ளிப் போட்டு மூட வேண்டிவந்தது. அதே மாதம் தமிழக அரசு, இப்படித் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. பிணத்திலிருந்து தொற்றியதாக ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நெறிமுறையோடு முகம் பார்க்கலாம், தொடாமல் சடங்கு செய்யலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆக, பிரச்சினை அறியாமை மட்டுமில்லை.

இலங்கையில் அரசே அந்தக் கூட்டமாக மாறிற்று. 2020 ஏப்ரலில் கோவிட் உடல்கள் அனைத்தையும் எரிக்க வேண்டும் என்று அரசிதழில் அறிவித்தார்கள். அறிவியல் கேட்கவில்லை, முஸ்லிம்கள் கெஞ்சியும் பலனில்லை. டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்று எரிக்கப்பட்டபோது, பொரளை மயானக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பிப்ரவரிக் கடைசியில்தான் ஆணை மாறிற்று. அதற்குப் பிறகும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கே உடல்கள் கொண்டுபோகப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாகும்போது பிள்ளையின் கை கிடைக்கவில்லை, செத்த பின் மண்ணும் கிடைக்கவில்லை.

6

'தொட்டா சாவோம்யா, இதுல என்ன கோட்பாடு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொற்றைப் பொருட்படுத்தாத தொடுகை அன்பாகாது. ஆனால் பாதுகாப்பா, மாண்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போலியான கேள்வி. எபோலா வந்த மேற்கு ஆப்பிரிக்காவில் உறவினர்களை ஒதுக்கிவைத்துப் பிணங்களை எடுத்துச் சென்றபோது மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், ரகசியமாகப் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் நெறிமுறையை மாற்றிற்று. குடும்பத்தைக் கலந்து பேசி, பாதுகாப்பாகவும் மாண்போடும் அடக்கம் செய்வது என்று. மாண்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் நிற்காது.

நம்மிடமும் ஒரு வழக்கம் இருந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் வரமாட்டார், உள்ளே ஒருத்தி வேப்பிலையால் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். விலகலும் உண்டு, கைவிடுதல் இல்லை. இதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அம்மை லட்சக்கணக்கில் கொன்றது, ஒழித்தது தடுப்பூசி. பக்கத்தில் இருந்தவளும் எப்போதும் பெண்தான், அவளுக்கு மாற்று ஆள் கிடையாது. இருந்தாலும் நோயாளியைத் தனியே வைப்பதும் தனியே விடுவதும் வேறுவேறு என்பது அந்த வழக்கத்துக்குத் தெரிந்திருந்தது. 2020இன் வார்டுகளுக்குத் தெரியவில்லை.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வீடு தேடிப் போகும் அமைப்பாக வளர்ந்து, 2008இல் அரசுக் கொள்கையாயிற்று. சாகப்போகிறவரைப் பார்த்துக்கொள்வதை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் கட்டாமல் பஞ்சாயத்தின் வேலையாக்கினார்கள். குறைகள் இருக்கலாம். பார்த்துக்கொள்ளுதலைப் பொது விஷயமாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சாகிறவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது ஒரு உரிமை. அந்த ஆளுக்குக் கவசமும் நிரந்தர வேலையும் சம்பளமும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம். பின்னதை மறுத்துவிட்டு முன்னதைக் கேட்டால் நாம் காக்கைகளைத்தான் கேட்கிறோம். 2020–21இல் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் ஏற்பட்ட சாவுகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கைப் போல் பத்து மடங்கு. அத்தனை பேரையும் யாரோ தூக்கினார்கள், யாரோ துடைத்தார்கள். 1897இன் சட்டத்துக்கு மாற்றுச் சட்டம் எழுதப்படும் நாளில் முதல் பிரிவு அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதைக் கேட்கத் தொழிற்சங்கம் வேண்டும், சாதி ஒழிப்பு இயக்கம் வேண்டும், பெண்கள் இயக்கம் வேண்டும். இந்த மூன்றும் மருத்துவமனை வார்டில் ஒரே பிரச்சினையாகச் சந்திக்கின்றன. அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் இந்தப் பேச்சை நாம் தொடங்கியாக வேண்டும்.