முற்றுப்பெறாத தொடர்: பொதுவிடக் கலையில் பங்கேற்பின் இலக்கணம்

பொதுவிடங்களில் அமையும் கலைப்படைப்பை வழிப்போக்கரே நிறைவு செய்யும் முறை கடந்த சில பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. இதனை ஊடாட்டக் கலை என்பர். இத்தகைய படைப்புகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் எத்தனை பேர் பங்கேற்றனர் என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். எவ்வகைப் பங்கேற்புக்கு இடமளிக்கப்பட்டது என்னும் வினா அருகியே எழுகிறது. படைப்பு சொற்களால் ஆனதாயின் இவ்வினாவுக்கு மொழியியல் விடை தர இயலும். அமெரிக்கக் கலைஞர் கேண்டி சாங் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவாக்கிய இரு படைப்புகளைக் கொண்டு அதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1. சுவரும் தொடரும்

2011ஆம் ஆண்டில் சாங், கைவிடப்பட்டுக் கிடந்த வீடொன்றின் சுவருக்குக் கரும்பலகை வண்ணம் பூசினார். தம் அன்புக்குரிய ஒருவரின் மறைவு அவரை இம்முயற்சிக்குத் தூண்டியிருந்தது. ‘இறப்பதற்கு முன் நான் இன்னது செய்ய விரும்புகிறேன்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை வரிசை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றின் இறுதியிலும் வெற்றிடம் விட்டார். எழுதுவதற்குச் சுண்ணக்கட்டிகளும் வைக்கப்பட்டன. மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. மரம் நட விரும்பியவர், பல இலட்சம் பேர் முன் பாட விரும்பியவர், ஒருத்தியை இன்னும் ஒருமுறை அணைத்துக்கொள்ள விரும்பியவர் எனப் பலர் எழுதினர். பின்னர் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சுவர்கள் எழுந்தன.

இத்தொடரில் கலைஞர் தந்தவை எவை, விட்டுவைத்தவை எவை? எழுவாயாகிய ‘நான்’, விருப்பத்தை உணர்த்தும் வினை, இறப்பு என்னும் கால எல்லை ஆகிய மூன்றும் முன்னரே தரப்பட்டுள்ளன. நிரப்புவோருக்கு எஞ்சியது வினையெச்சத் தொடர் ஒன்று மட்டுமே. வினவுதல், ஏவுதல், மறுத்தல் ஆகியவற்றுக்கு அச்சட்டகத்தில் இடமில்லை. ஆயினும் எழுதுவோர் தம்மைக் கட்டுண்டவராக உணர்வதில்லை. ஆங்கிலச் சொல்வரிசையே இதற்குக் காரணம் எனலாம். தரப்பட்ட உறுப்புகள் யாவும் முன்னே நிற்க, வெற்றிடம் இறுதியில் வருகிறது. தொடரை முடித்துவைக்கும் உரிமை எழுதுபவரின் கைக்குப் போகிறது.

‘நான்’ என்னும் சொல் அதனைச் சொல்பவரையே குறிக்கும் என்பது எமீல் பென்வெனிஸ்ட் தெளிவுபடுத்திய கருத்து. சுவரில் பதித்த ‘நான்’ எவருக்கும் உரியதன்று. சுண்ணக்கட்டியை எடுப்பவருக்கு அந்நேரத்தில் உரியதாகிறது. ஆனால் இத்தொடரில் முன்னிலை இல்லை. நூறு தன்மையொருமைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விளிப்பதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம், கலங்கலாம், விடையிறுக்க இடமில்லை. எனவே இங்கு நிகழும் ஊடாட்டம், முதன்மையாக, தனிமனிதருக்கும் சட்டகத்துக்கும் இடைப்பட்டதே ஆகும்.

2. தமிழில் இத்தொடர்

தமிழ் வினையை இறுதியிற் கொள்ளும் மொழி. ‘இறப்பதற்கு முன் நான் ...... விரும்புகிறேன்’ என்று அமைத்தால் வெற்றிடம் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். முடிக்கும் சொல் கலைஞருடையதாகவே நிற்கும். ‘இறப்பதற்கு முன் நான் செய்ய விரும்புவது ......’ என மாற்றினால் இறுதி திறந்திருக்கும்; ஆனால் தொடர் விண்ணப்பப் படிவத்தின் சாயலைப் பெற்றுவிடும்.

இதனினும் ஆழ்ந்த வேறுபாடு ஒன்று உண்டு. தமிழர் இவ்விடத்தில் இயல்பாக ஆள்வது ‘வேண்டும்’ என்னும் சொல்லையே. ‘எனக்கு ஒரு வீடு வேண்டும்’ என நான்காம் வேற்றுமையோடும் பெயரோடும் வருங்கால் அது தேவையையோ விருப்பத்தையோ உணர்த்தும். ‘நான் கடனை அடைக்க வேண்டும்’ எனச் செயவென் எச்சத்தோடு வருங்கால் விருப்பமா கடமையா என்பதை வடிவம் பிரித்துக் காட்டுவதில்லை. இறப்பைச் சுட்டும் முறையும் வேறு. ‘கண்ணை மூடுவதற்குள் பேரனைப் பார்த்துவிட வேண்டும்’ என்பதே வழக்கு. இக்கூற்றில் ஆசையும் பொறுப்பும் ஒன்றாகவே கலந்துள்ளன. ஆங்கிலச் சுவர் ‘உன் ஆசை யாது?’ எனக் கேட்கிறது. தமிழ்ச் சுவரோ ‘நீ செய்து முடிக்க வேண்டியது யாது?’ என்றும் உடன் கேட்கும். சொல்லை மாற்றினால் படைப்பே வேறாகிறது. இத்தகைய சுவரைப் பிறமொழியில் அமைப்பவரை இணையாசிரியராகக் கருதுவதே பொருந்தும்.

3. ‘இது’ என்னும் சுட்டு

இச்சுவருக்கு ஓராண்டு முன்னர், 2010இல், சாங் வேறொரு படைப்பைச் செய்திருந்தார். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பின் அந்நகரில் பல கட்டடங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் மேல் ஒட்டுவதற்காக, ‘இது இன்னதாக இருந்தால் நன்றாயிருக்கும்’ என்னும் பொருள்தரும் தொடரை அச்சிட்டு, நிரப்ப இடம் விட்ட ஒட்டுத்தாள்களை இலவசமாக வழங்கினார்.

இதன் உயிர் ‘இது’ என்னும் அண்மைச் சுட்டில் உள்ளது. ஒட்டிய கட்டடத்தைக் காணாமல் தொடருக்குப் பொருள் கொள்ள இயலாது. பூட்டிய கடையின் கதவில் ‘மளிகைக்கடை’ என ஒருவர் எழுதினால், அது தன்னாசையோடு அமையாமல், அத்தெருவின் தேவையைக் கட்டட உரிமையாளருக்கும் நகர நிருவாகத்துக்கும் உணர்த்தும் கூற்றாகிறது. முன்னிலைச் சொல் இல்லாவிடினும் கேட்போர் உளர். சுவர்த் தொடரில் இச்சுட்டு இல்லை. அதனாலேயே அது எந்நகருக்கும் எளிதிற் பெயர்ந்தது. அதனாலேயே தான் பிறந்த இடத்தோடு கொண்ட பிணைப்பையும் தளர்த்திக்கொண்டது. பரவலை வெற்றியாகக் கொள்வோர் சுவரையே பெரிதும் போற்றுவர். பொதுவிடத்துக்குரிய படைப்பு எது என வினவின், ஒட்டுத்தாளே என்பது என் கருத்து.

இதனால் சுவரின் சிறப்பு குறைந்துவிடாது. பாழடைந்த வீட்டின் முன் அயலார் நின்று ஒருவர் துயரை ஒருவர் படிக்கச் செய்தது சிறிய செயலன்று. எனினும் சுண்ண எழுத்து அழியக்கூடியது. விடைகள் அழிந்து புதியவை வரும். நிலைத்து நிற்பது சட்டகம் மட்டுமே. ஆசிரியர் யார் என்பதற்கு அதுவே விடை.

4. முடிவு

இவ்விரு தொடர்களிலும் தன்மைப் பன்மை இல்லை. ஆங்கிலத்துக்கு அப்பன்மை ஒன்றே. தமிழிலோ ‘நாம்’ படிப்பவரை உளப்படுத்தும். ‘நாங்கள்’ அவரை எதிரே நிறுத்தும். தமிழில் இத்தகைய படைப்பைச் செய்ய முனைவோர் ‘நான்’, ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்த அளவிலேயே, தெருவில் நிற்பவரைத் தனியராகவோ ஊராராகவோ கோரிக்கையாளராகவோ ஆக்கிவிடுகின்றனர். எழுத்தறியாதவருக்கு அங்கே என்ன இடம் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். திறனாய்வாளரும் வெற்றிடத்தில் எழுதப்பட்டவற்றை வியக்குமுன், அவ்வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும் சொற்களை முதலிற் படித்தல் வேண்டும்.